மேசைக்கு வந்த கறுப்பு

இரவு படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சுவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் ஊறிப்போன பழக்கம். மிக்சி, வாஷிங் மெஷின், டிவி எதுவும் தப்பாது. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, பிளக் பாயின்ட்டிலும் அணைக்க வேண்டும். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கி வைக்க வேண்டும். கரண்ட் பில்லும் மின்னலும் லோ வோல்டேஜும் சேர்ந்து பல வருடங்களாகக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. அந்த ஒழுங்குக்கு ஒத்துவராத ஒரு பொருள் இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எல்ஜி நிறுவனத்தின் ஓஎல்இடி டிவியை மொத்தமாக நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு ரிமோட்டில் அணைத்தால் திரை இருண்டுவிடும். ஆனால் உள்ளே ஒரு வேலை அப்போதுதான் தொடங்கும். திரையிலுள்ள புள்ளிகளை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் பகல் முழுக்க உழைத்ததில் எவ்வளவு தடம் மாறியிருக்கின்றன என்று அளந்து, மறுநாளுக்கு வேண்டிய திருத்தத்தை டிவி தனக்குள் குறித்துக்கொள்ளும். சில நிமிட வேலை. முடியும்போது, அறை அமைதியாக இருந்தால், மெல்லிய ஒரு ‘கிளிக்’ கேட்கும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் இது நடக்காது. ஒவ்வொரு நாளும் நடக்காமல் போனால் நாளடைவில் திரை திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கும். நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துச் செய்யும் காரியமே இதற்குக் கேடாக முடிகிறது.

இப்படி இரவில் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டிய ஒரு பொருளைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கி, எழுதும் மேசையில் நிறுத்தி, முகத்துக்கு முக்கால் மீட்டர் தூரத்தில் வைத்து விளையாடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். டிவியைச் செய்தவர்கள் நினைத்த இடம் சோபாவுக்கு எதிரே, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. கேம் ஆடுகிறவர்கள் அதை மேசைக்கு இழுத்து வந்தார்கள். இழுத்து வந்ததற்கு ஒரே காரணம், கறுப்பு.

அந்தக் கறுப்பு மேசையில் ஏற்கெனவே இருந்த ஒன்றுதான். நடுவில் தொலைந்துபோனது.

பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களில் இருள் இருளாகவே தெரிந்தது. வேகமாக ஓடும் உருவம் கலங்காமல் ஓடியது. சோனியின் எஃப்டபிள்யூ900 என்ற 24 அங்குல டியூப் மானிட்டரை இன்றும் தேடித் தேடி வாங்கிப் பழுது பார்த்து வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 40 கிலோவுக்கு மேல் எடை. சாதாரண மேசை தாங்காது. 2000களில் எல்சிடி வந்தது. மெலிந்தது, எடை குறைந்தது, மேசையில் இடம் மிஞ்சியது. பதிலுக்கு அது எடுத்துக்கொண்டு போனது இருட்டை. எல்சிடியின் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் கதவு போலத் திறந்தும் மூடியும் அந்த வெளிச்சத்தை விடும், தடுக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கதவிடுக்கில் கொஞ்சம் ஒளி கசியும். ‘ஏலியன்: ஐசொலேஷன்’ என்ற 2014ஆம் ஆண்டு விளையாட்டில், செவஸ்தபோல் என்னும் விண்வெளி நிலையத்தின் இருண்ட நடைபாதையில் பதுங்கி நிற்கும்போது, அறை விளக்கை அணைத்துவிட்டு எல்சிடியில் பார்த்தால் இருள் சாம்பல் நிறத்தில் மினுங்கும். மூலைகளில் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் இருக்கும். பயப்பட வேண்டிய இடத்தில் டியூப்லைட் கசிகிறது என்றால் பயம் எப்படி வரும்?

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நெடுவரிசை, இரண்டாயிரத்துச் சொச்சம் கிடைவரிசை என்று மொத்தம் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் தானே எரியும் விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கு அணைந்துவிடும். மறைத்த இருட்டு அல்ல, அணைந்த இருட்டு. விளக்கை அணைத்த அறையில் இந்தத் திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பொருள் பிறந்த கதையிலும் இருட்டு உண்டு. ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் என்ற வேதியியலாளர் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் சூரிய மின்கல ஆராய்ச்சியில் இருந்தார். ஒரு மாலை வீட்டுக்குக் கிளம்பியவர், ஆய்வகத்தில் எதையோ மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பிப் போக, இருட்டில் தன் சோதனைக் கலம் ஒன்று மங்கலாக ஒளிர்வதைக் கண்டார் என்று சொல்வார்கள். வெளிச்சத்தை மின்சாரமாக்க வைத்த பொருள் மின்சாரத்தை வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தது. பகலாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஓஎல்இடி திரைகள் கிளைத்தன. புகைப்படச் சுருளுக்குப் பேர்போன கோடக், 2009இன் இறுதியில் இந்தத் தொழிலை எல்ஜி குழுமத்துக்கு விற்றுவிட்டது.

அதற்கு முன்பே சோனி 2007இல் எக்ஸ்இஎல்-1 என்ற 11 அங்குல ஓஎல்இடி டிவியைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தது. மூன்று மில்லிமீட்டர் தடிமன், இரண்டு லட்சம் யென் விலை. மேசைக்கு ஏற்ற அளவுதான். ஆனால் அந்தப் பாதை அதிகம் நீளவில்லை. 2013இல் எல்ஜி 55 அங்குல ஓஎல்இடி டிவியைக் கொரியாவில் விற்கத் தொடங்கியபோது அளவு ஒரேயடியாகப் பெருகிவிட்டது. அதன்பின் ஏழு வருடங்கள், ஓஎல்இடி டிவி வேண்டுமென்றால் 55 அங்குலம்தான் மிகச் சிறியது. 120 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அதை மேசையில் வைத்தவர்களும் இருந்தார்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பி விளையாடினார்கள்.

சிறிய திரை வந்ததற்குக் கேமர்களின் ஏக்கம் மட்டும் காரணமில்லை. கண்ணாடி வெட்டும் கணக்கும் ஒரு காரணம். தையற்காரர் துணி வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எல்ஜி டிஸ்பிளே தன் டிவித் திரைகளை 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் அளவுள்ள பெரிய கண்ணாடித் தகட்டில் உருவாக்கி, பிறகு துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் தகட்டில் 77 அங்குலத் திரை இரண்டுதான் பிடிக்கும். இரண்டையும் வெட்டிய பிறகு ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை மிஞ்சும். சட்டைக்கு வெட்டிய பீஸில் மிஞ்சியதில் குழந்தைக்குக் கவுன் தைப்பதுபோல, அந்தப் பட்டையில் 48 அங்குலத் திரை இரண்டை வெட்டலாம். ஒரே தகட்டில் வேறு வேறு அளவு வெட்டும் நுட்பம் கைகூடியதும் வீண்போன ஓரத்துக்கு விலை வந்தது. யாருடைய மேசைக்கும் என்று திட்டமிட்டுச் செய்யாத ஓர் அளவு இப்படித்தான் பிறந்தது.

2020இல் எல்ஜியின் சிஎக்ஸ் வரிசையில் 48 அங்குல டிவி 1,499 டாலர் விலையில் வெளிவந்தது. நேரமும் கூடி வந்தது. அந்த செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தன, ஹெச்டிஎம்ஐ 2.1 இணைப்பு கொண்ட முதல் கார்டுகள் அவை. அதுவரை கம்ப்யூட்டரிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக 4கே படத்தை விநாடிக்கு 120 முறை அனுப்ப வேண்டுமென்றால் நிற விவரத்தைக் குறைத்துத்தான் அனுப்ப முடியும். குழாய் அவ்வளவு குறுகல். ஹெச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 கிகாபிட், 2.1 அதிகபட்சம் 48. குழாய் அகலமானதும் டிவியும் கார்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. கார்டு எப்போது ஃப்ரேமை முடிக்கிறதோ அப்போது திரை அதை ஏற்றுக்கொள்ளும் ஜி-சிங்க் ஒத்திசைவும் இந்த டிவிகளில் இருந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடம் வேறு.

அந்தக் காலத்து கேமிங் மானிட்டர்களின் விலையைப் பார்த்தால் ஏன் ஆட்கள் டிவிக் கடைக்குப் போனார்கள் என்பது விளங்கும். டெல் நிறுவனம் 2019இல் ஏலியன்வேர் பெயரில் 55 அங்குல ஓஎல்இடி மானிட்டரை 3,999 டாலருக்கு விற்றது. 2021இல் அசூஸ் கொண்டுவந்த 32 அங்குல மினி-எல்இடி மானிட்டர் 2,999 டாலர். அதிலும் பின்விளக்கு உண்டு, பிரகாசமான பொருளைச் சுற்றி ஒளிவட்டம் கசியும். பாதி விலைக்கு டிவி கிடைக்கும்போது மானிட்டர் என்ற பெயருக்காக யார் இரட்டிப்புக் கொடுப்பார்கள்?

2022இல் சி2 வரிசையில் 42 அங்குலம் வந்தது. இந்த ஆறு அங்குலக் குறைவு ஆட்டத்தையே மாற்றியது. ஒரே எண்ணிக்கைப் புள்ளிகள் சிறிய பரப்பில் நெருங்கி உட்கார்ந்ததால், 48இல் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளியாக இருந்தது 42இல் 105ஐத் தொட்டது. 27 அங்குல மானிட்டரில் பழகிய கண்ணுக்கு இது பழைய கூர்மைதான். பரப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். அகலம் 93 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசையில் இன்னும் கொஞ்சம் நெரிசல்தான். 75 இருந்தால் சுகம். அல்லது டிவியைச் சுவரில் மாட்டி மேசையை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட வேண்டும். கண் முழுவதையும் திரை நிரப்பும், ஆனால் கழுத்துத் திரும்ப வேண்டாம். அந்த அளவுதான் சரியான அளவு என்று இதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள், அது மிகையில்லை.

விளையாடும்போது நடப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ‘ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்’ விளையாட்டில் ஓரி என்பது வெண்மையாக ஒளிரும் ஒரு சின்ன உயிர். இருண்ட காட்டில் தாவிப் போகிறது. எல்சிடியில் அந்த வெண்மையைச் சுற்றி இருட்டு வெளுத்திருக்கும். ஓஎல்இடியில் ஓரியின் காது நுனி எரிகிறது; அதற்கு அடுத்த புள்ளி அணைந்து கிடக்கிறது. இடையில் எதுவும் இல்லை. நிலவில்லாத இரவில் மின்மினியைப் பார்ப்பதுபோல, ஒளி சின்னதாக இருப்பதாலேயே பெரிதாகத் தெரிகிறது.

வேகமும் அப்படித்தான். எல்சிடியில் ஒரு புள்ளி நிறம் மாறச் சில மில்லிவிநாடி எடுக்கும். அதற்குள் அடுத்த ஃப்ரேம் வந்துவிட, ஓடுகிறவர் பின்னால் நிழல் ஒழுகும். ஓஎல்இடிப் புள்ளி கிட்டத்தட்ட நினைத்த மாத்திரத்தில் மாறும். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ கம்ப்யூட்டரில் விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் ஓடாது. எல்சிடியின் மெத்தனம் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெழுகு பூசிவிடும், ஓஎல்இடி பூசாது. கேமராவை வேகமாகச் சுழற்றினால் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியே வெட்டி வெட்டி நகர்வது கண்ணில் உறுத்தும். உண்மையைச் சொல்லும் திரை குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

விளையாட்டை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பும்போதுதான் இது டிவி என்பது நினைவுக்கு வரும்.

ஒரு ‘ழ’வை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாகக் காட்ட கிளியர்டைப் என்ற உத்தி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் வரிசையாக நிற்கும் என்று நம்பி, எழுத்தின் ஓரத்தை அந்தக் கோடுகளைக் கொண்டே செதுக்கும். எல்ஜியின் டிவித் திரையிலோ மூன்று இல்லை, நான்கு. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. வெள்ளை ஒளியைச் சேர்த்தால் வெளிச்சம் கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. படம் பார்க்க அருமையானது, எழுத்துக்கு ஆகாது. செதுக்கும் உளி ஒரு மரத்துக்கு, மரம் வேறு. ‘ழ’வின் நிமிர்ந்த கோட்டுக்கு ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் பச்சையும் இழையோடும். கீழே இறங்கிச் சுழியும் கொக்கியில் நிறங்கள் கலங்கிக் கறை போலத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் எதுவும் தெரியாது. முக்கால் மீட்டரில், நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்கிறவருக்குத் தெரியும். கிளியர்டைப்பை அணைத்து, எழுத்தைச் சாம்பல் நிழல் முறையில் காட்டச் சொன்னால் நிறம் போய்விடும். கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும், அவ்வளவே. டிவியின் அமைப்புக்குள் போய் அந்த ஹெச்டிஎம்ஐ இணைப்புக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர் சூட்டவும் மறக்கக் கூடாது. சூட்டாவிட்டால் டிவி தன் பழக்கப்படி நிற விவரத்தைக் குறைத்துக் காட்ட, கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து மெழுகாக உருகி நிற்கும்.

வெள்ளையும் இதற்கு ஆகாது. திரையில் ஒரு சிறு பகுதி மட்டும் எரியும்போது 700 நிட் அளவு பிரகாசம் காட்டும் இந்தத் திரை, முழுப் பரப்பும் வெள்ளையானால் அதில் நாலில் ஒரு பங்கைக் கூடத் தராது. மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுக்குள் வைக்கத் தானே வெளிச்சத்தை இறக்கிவிடும். எழுதுவதற்கு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தால் அறைக்குள் மேகம் மூடியதுபோல் இருக்கும். அசையாத படம் சில நிமிடம் நின்றாலும் போதும், யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் திரை மெல்ல மெல்ல மங்கும். ‘சிவிலைசேஷன்’ போன்ற நிதானமான விளையாட்டில் அடுத்த நகர்வை யோசித்துக்கொண்டிருப்பவருக்குச் சாயங்காலம் ஆகிவிட்டதோ என்று தோன்றும். இதைப் பொறுக்க முடியாமல், பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சர்வீஸ் ரிமோட்டைத் தனியாக வாங்கி, மறைந்திருக்கும் மெனுவுக்குள் போய் இந்தக் காவலை முடக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எரிச்சல் நியாயமானது. ஆனாலும் அந்தக் காவல் எதற்காக வைக்கப்பட்டது என்பது தெரிந்தால் அதில் கைவைக்க மனம் வராது.

சின்னச் சின்னத் தொல்லைகள் வேறு. மானிட்டராக இருந்தால் கம்ப்யூட்டர் தூங்கும்போது தானும் தூங்கி, விழிக்கும்போது விழிக்கும். டிவி அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் ரிமோட்டைத் தேட வேண்டும். ஆர்வலர்கள் சிலர் தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்து, கம்ப்யூட்டர் அணைந்தால் வைஃபை வழியாக டிவிக்கும் சொல்லி அணைக்கும் சிறு மென்பொருள்களை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். லினக்ஸில் ஏஎம்டி கார்டு பயன்படுத்துகிறவர் பட்ட பாடு இன்னும் மோசம். ஏஎம்டி தன் திறந்த மூல டிரைவரில் ஹெச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க வேலை செய்து முன்வைத்தது. 2024 பிப்ரவரியில் ஹெச்டிஎம்ஐ அமைப்பு அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வாசல் இருக்கும். இந்த டிவிகளில் ஹெச்டிஎம்ஐ ஒன்றுதான் வாசல். வாசல் சாத்தினால் நல்ல கார்டும் நல்ல திரையும் எதிரெதிரே உட்கார்ந்து முழுப் பேச்சும் பேச முடியாமல் இருக்கும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி வேறு. படம் பதிந்துவிடுமா?

ஓஎல்இடியில் ஒளிர்வது கரிமப் பொருள். ஒளிர ஒளிரத் தேயும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. ஓரிடம் மட்டும் அதிகம் உழைத்தால் அந்த இடம் மட்டும் மங்கி, அங்கே நின்றதன் வடிவம் தடமாகத் தங்கிவிடும். இது புதிய நோயில்லை. 1980இல் வந்த பேக்-மேன் ஆர்கேட் பெட்டிகளின் டியூப் திரைகளில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்தப் புதிர்ப்பாதை வெளிறிய கோடுகளாகத் தெரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்க்ரீன்சேவர் என்ற பெயரிலேயே திரையைக் காப்பாற்றும் வேலை இருக்கிறது. எல்சிடி வந்து, அந்தப் பெயரின் பொருளை ஒரு தலைமுறை மறந்துவிட்டது.

கனடாவின் ஆர்டிங்ஸ் சோதனைக்கூடம் 2018இல் எல்ஜி சி7 டிவிகள் ஆறை வரிசையாக வைத்து, நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் ஒரே வகை நிகழ்ச்சி. சிஎன்என் செய்திச் சேனல் ஓடிய திரையில், கீழே நிலையாக நின்ற பட்டையும் சேனல் முத்திரையும் பதிந்தன. ‘ஃபிஃபா 18’ ஓடியதிலும் தடம் விழுந்தது. கால்பந்தாட்டத்தில் எவ்வளவு ஓட்டம் இருந்தாலும் ஸ்கோர்ப் பலகை மூலையை விட்டு நகராதே. ‘கால் ஆஃப் டியூட்டி’ ஓடிய திரையோ கண்ணுக்குத் தெரியும் தடமில்லாமல் நின்றது. குண்டும் தீயும் வெடிப்புமாக இருந்த திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அமைதியாக ஒரு மூலையில் நின்ற எண்தான் காயப்படுத்தியது.

மேசையில் வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனை சொல்வது தெளிவாக இருக்கிறது. அவர் அஞ்ச வேண்டியது விளையாட்டைக் குறித்து அல்ல. மாதக்கணக்கில் அடியில் படுத்திருக்கும் டாஸ்க்பார், அலுவலக அரட்டைச் செயலியின் பக்கப் பட்டி, கணக்குத் தாளின் கட்டங்கள், இவைதான் தேய்ப்பவை. இந்த இடத்தில் 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதில் நாயகனின் உயிரளவு திரை மூலையில் பட்டையாக நிற்காது. அவன் முதுகுத்தண்டில் ஒளிரும் கோடாக, அவனோடு சேர்ந்து நடக்கும். கதைக்குள்ளேயே ஆட்டக்காரர் மூழ்கியிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வடிவமைப்பு. பெரிய ஓஎல்இடி டிவி கடைக்கு வராத காலத்தில், அதற்குத் தீங்கு செய்யாத ஒரு விளையாட்டை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் இந்தத் திரையோடு வாழ்கிறவர்கள் சில வழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறார்கள். டாஸ்க்பார் தானே மறைந்துகொள்ளும்படி வைப்பார்கள். டெஸ்க்டாப்பில் ஐகான் எதுவும் இருக்காது. வால்பேப்பர் முழுக் கறுப்பு. எழுந்து காபி குடிக்கப் போனால் இரண்டு நிமிடத்தில் திரை இருண்டுவிடும். எழுத்து வேலைக்கு வெளிச்சத்தைக் குறைத்து வைப்பார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோசைக்கல்லைப் பழக்கி வைத்திருக்கும் வீடுகளில் அதில் சப்பாத்தி போட விடமாட்டார்கள். தேய்ப்பதற்கும் எண்ணெய் தடவுவதற்கும் ஒரு முறை இருக்கும். அதை யாரும் தொல்லையாக நினைப்பதில்லை, தோசை அப்படி வருகிறது என்பதால். இந்தக் கவனிப்பும் அந்த வகையைச் சேர்ந்தது. அந்தக் கறுப்பு வால்பேப்பர் திரையைக் காப்பது மட்டுமில்லை; வேலை முடிந்து எல்லாச் சன்னலையும் மூடியதும் மேசையில் ஒன்றுமே இல்லாதது போலாகிறது. 83 லட்சம் விளக்குகளும் அப்போது ஓய்வில் இருக்கின்றன. விளையாட்டில் அழகாகத் தெரிந்த அதே கறுப்புதான் இங்கே ஓய்வு.

மானிட்டர் செய்கிறவர்களும் விழித்துக்கொண்டார்கள். 42 அங்குல டிவியின் அதே அளவுத் திரையை அசூஸ் 2022இல் டிஸ்பிளேபோர்ட் வைத்து மானிட்டராக்கியது. அதே வருடம் ஏலியன்வேர், சாம்சங் டிஸ்பிளேயின் திரை கொண்ட 34 அங்குல வளைந்த மானிட்டரை 1,299 டாலருக்குக் கொடுத்து, பதிந்த தடத்துக்கும் சேர்த்து மூன்று வருட உத்தரவாதம் தந்தது. அந்த உத்தரவாதம் பலருடைய பயத்தைப் போக்கியது. 2023இல் 27 அங்குலம், 2024இல் 32 அங்குல 4கே, விநாடிக்கு 240 முறை. 2025இல் 27 அங்குலத்திலேயே 4கே வந்து, எழுத்தோர நிறக் கலக்கம் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புள்ளிகள் நெருங்கிவிட்டன. டிவியும் சும்மா இருக்கவில்லை. 2024இன் சி4 வரிசை விநாடிக்கு 144 முறையைத் தொட்டது. இந்தியாவில் 32 அங்குலத்துக்கு மேற்பட்டது டிவியானாலும் மானிட்டரானாலும் 28 சதவீத ஜிஎஸ்டி என்றிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 18 ஆனது. வரிக் கணக்கில் இரண்டும் ஒன்றே. மேசைக்கென்றே பிறந்த திரைகள் வந்த பிறகும் 42 அங்குலத்தை விடாதவர்கள் இருக்கிறார்கள். 32 அங்குலத்தில் காடு சன்னலுக்கு வெளியே இருக்கிறது. 42இல் காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்கள் கட்சி. எழுத்து வேலை அதிகம் இருப்பவர் புதிய சிறு திரைகளுக்குப் போவதுதான் சரி. இரவில் மட்டும் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு அந்தப் பெரிய இருட்டுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

மாறுகிறவர்கள் பழையதை விற்கிறார்கள். பழைய ஓஎல்இடி வாங்கப் போகிறவருக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: அடர்சாம்பல் நிறப் படம் ஒன்றைக் கையில் கொண்டு போ. கறுப்பில் எதுவும் தெரியாது, வெள்ளையில் கண் கூசும்; கறுப்புக்கு மிக அருகிலுள்ள சாம்பலிலும் தனிச் சிவப்பிலும்தான் திரையின் வயது தெரியும். விற்பவர் வீட்டில் சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் படத்தைப் போடுவார்கள். இருவரும் குனிவார்கள். நெடுக்காகச் சில மங்கல் வரிகள் இருக்கும். அவை தொழிற்சாலையிலிருந்தே வந்தவை, கவலையில்லை. பிறகு கண் பழகப் பழக, அடியில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அதன் நடுவில் நெருக்கமாக நாலைந்து சதுரங்கள், ஐகான்கள் இருந்த இடம். இடது மேல் மூலையில் மெல்லிய பட்டைகள் மூன்று, ஒன்றின் கீழ் ஒன்று. உயிர், மந்திரம், மூச்சு. வாங்க வந்தவர் அவற்றைப் பார்த்ததும் நிமிர்ந்து, எல்டன் ரிங்கா என்று கேட்கிறார். எத்தனை மணி நேரம் என்று அடுத்த கேள்வி. விற்பவர் சொல்லும் எண்ணைக் கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்து அந்த மூலையைப் பார்க்கிறார். பிறகு விலை பேசத் தொடங்குகிறார்கள்.